"குளிச்சா அரிக்குது மிஸ்!"

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வகுப்பு வாசலில் நின்று நகம், தலைமுடி, சீருடை பார்ப்பது எங்கள் பள்ளியில் பல ஆண்டு வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், "குளிச்சிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் கேட்டேன். "குளிச்சா உடம்பெல்லாம் அரிக்குது மிஸ்" என்றாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்துவிட்டேன். "தண்ணி பட்டா யாருக்காவது அரிக்குமா? நாளைக்குக் குளிச்சிட்டுத்தான் வரணும்" என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வியாழக்கிழமை வந்தபோது முழங்கையிலும் கழுத்திலும் நகக் கீறல்கள் இருந்தன. வகுப்பில் அவளுக்குப் புதுப் பெயர் ஒன்றும் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத விரும்பவில்லை. அன்று மாலை அவளுடைய அம்மா வந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர். "நடிக்கிறான்னு நெனச்சு நானும் ரெண்டு அடி போட்டுட்டேன் டீச்சர். குளிச்சு முடிச்சா அரை மணி நேரம் மூலையில உக்காந்து அழுவுறா. உடம்புல ஒண்ணுமே தெரியல. நான் என்னான்னு நம்புறது?" என்றார்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. தோலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து பாகம் குறிக்க ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவள். அந்தத் தோலைப் பற்றி ஒரு குழந்தை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அதன்பின் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையும், அதை ஒரு பாடமாக வகுப்பில் நடத்திய விதத்தையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

தண்ணீர் பட்டால் அரிக்குமா?

அரிக்கும். மருத்துவ உலகம் இதை அறிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1964ஆம் ஆண்டு ஷெல்லி, ரான்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், தண்ணீர் பட்ட இடத்தில் சிறு சிறு தடிப்புகள் எழும்பிய மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். இதற்கு 'அக்குவாஜெனிக் அர்டிகேரியா' என்று பெயர். நாம் 'நீர்த் தடிப்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். தடிப்பு ஒவ்வொன்றும் மிளகை விடச் சிறியது. குளிர்ந்த நீர், வெந்நீர் என்ற வேறுபாடு இல்லாமல் வரும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இது மிக அரிய நோய்.

1981இல் கிரீவ்ஸ் என்ற பிரிட்டிஷ் தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இன்னொரு வகையை விவரித்தார்கள். இதில் தோலில் எதுவும் தெரியாது. தடிப்பு, சிவப்பு, பொரி எதுவும் இருக்காது. ஆனால் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் ஊசி குத்துவது போலவும் எறும்பு ஊர்வது போலவும் தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். பத்து நிமிடத்திலும் அடங்கலாம், இரண்டு மணி நேரமும் நீடிக்கலாம். இதுதான் 'அக்குவாஜெனிக் ப்ரூரைட்டஸ்', நம் சொல்லில் 'நீர் அரிப்பு'. கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் இந்த நோயாளிகளை வீட்டார் நம்புவதில்லை. சில நேரம் மருத்துவர்களும் நம்பாமல் மனநலப் பிரச்சினை என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

நம் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தண்ணீர்தானே, அந்தத் தண்ணீரே எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் மூலக்கூறுக்கு எதிராக உடல் போரிடுகிறது என்று யாரும் நிறுவவில்லை. தோலின் மேற்பரப்பிலோ எண்ணெய்ப் பசையிலோ இருக்கும் ஏதோ ஒரு பொருளைத் தண்ணீர் கரைத்து உள்ளே கொண்டுபோகிறது, அது தோலிலுள்ள மாஸ்ட் செல்களையோ நரம்பு நுனிகளையோ தூண்டுகிறது என்பது ஒரு விளக்கம். மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும்போது தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. முழுக் காரணம் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. 'தண்ணீர் ஒவ்வாமை' என்று செய்திகளில் வரும் பெயரால் பலர் பயந்துபோகிறார்கள். இந்தப் பிள்ளைகள் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கலாம். சிக்கல் தோலில் படும்போதுதான்.

பதினான்கு நாள் குறிப்பேடு

அம்மாவும் மகளும் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனார்கள். மருத்துவர் வரிசையாகக் கேள்விகள் கேட்டாராம். எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம், எந்த இடத்தில், எந்தத் தண்ணீரில் என்று கேட்க, அம்மாவால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இருவரும் உட்கார்ந்து கட்டம் போட்டோம். அந்தக் கட்டத்தின் கேள்விகள் இவை:

1. எந்தத் தண்ணீர்? (குழாய், லாரி, போர், மழை, கடல்) சூடா, குளிரா?
2. தண்ணீர் பட்டு எத்தனை நிமிடத்தில் அரிப்பு தொடங்கியது? எத்தனை நிமிடத்தில் நின்றது?
3. உடம்பில் எந்த இடம்?
4. கண்ணுக்கு என்ன தெரிந்தது? (ஒன்றுமில்லை, தடிப்பு, சிவப்பு, பொரி, வறண்ட செதில்)
5. என்ன சோப்பு? சோப்பு இல்லாமல் குளித்தபோதும் வந்ததா?
6. ஓடி விளையாடி வியர்த்தபோதும் வருகிறதா?
7. இரவில் படுத்தபின் அதிகமாகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா?

பதினான்கு நாள் கழித்துக் குறிப்பேட்டைப் பார்த்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. துவட்டி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தொடையிலும் கைகளிலும் முதுகிலும் தொடங்குகிறது. அரை மணிக்கு மேல் நீடிக்கிறது. தோலில் ஒன்றும் தெரிவதில்லை. குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், மழை எதுவானாலும் ஒன்றுதான். சோப்பு போடாவிட்டாலும் வருகிறது. உடற்கல்வி வகுப்பில் வியர்த்தபோது வரவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அவள் நடிக்கவில்லை என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மருத்துவர் முன்கையில் பனிக்கட்டி வைத்துப் பார்த்தார். முதுகில் ஈரத்துணியை இருபது நிமிடம் போர்த்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை செய்தார். மற்றக் காரணங்கள் ஒவ்வொன்றாக விலகியபின் 'நீர் அரிப்பு' என்று முடிவு சொன்னார். இந்தச் சோதனைகள் மருத்துவர் கண்முன் மட்டுமே செய்ய வேண்டியவை. ஆர்வத்தில் வகுப்பறையில் எந்தக் குழந்தையின் தோலிலும் நாம் செய்து பார்க்கக் கூடாது.

எல்லா அரிப்பும் ஒன்றல்ல

இதை வகுப்பில் பேசியபோது ஏழெட்டுப் பேர், "எனக்கும் குளிச்சா அரிக்கும் மிஸ்" என்று கை தூக்கினார்கள். அதே கேள்விகளைக் கேட்டபோது ஒவ்வொருவர் கதையும் வேறாக இருந்தது. அரிய நோயைத் தேடிப் போகும் முன் நாம் அறிய வேண்டிய பொதுவான காரணங்கள் இவைதாம்.

வறண்ட தோல், கரப்பான் எனப்படும் எக்சிமா: இதுதான் மிகப் பரவலானது. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து ஆகிய இடங்களில் தோல் தடித்து, வறண்டு, செதில் உதிரும். குளித்துக் காய்ந்தபின் தோல் இழுப்பது போலிருந்து அரிக்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தொடர் தும்மலோ இருப்பதுண்டு.

சொறி: கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் பொரிகள் இருக்கும். இரவில் அரிப்பு கூடும். வெந்நீரில் குளித்தாலும் கூடும். வீட்டில் பலருக்கு இருக்கும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசி, துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்தால்தான் தீரும்.

வெப்பத் தடிப்பு: பதின்பருவப் பிள்ளைகளிடம் காணலாம். வெந்நீர்க் குளியலிலும் வரும், ஓடி விளையாடினாலும் வரும், பதற்றப்பட்டாலும் வரும். குண்டூசித் தலை அளவில் தடிப்புகள் எழும்பும். காரணம் உடல் சூடாவதுதான். தண்ணீர்மீது பழி விழுகிறது.

குளிர்த் தடிப்பு: குளிர்ந்த நீர், குளிர்ந்த காற்று, பனிக்கட்டி பட்ட இடத்தில் தடிப்பு எழும்பும். இதில் கவனம் தேவை. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்த நீரில் அமிழும்போது இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். நீச்சல் பயிற்சிக்கோ எலியட்ஸ் கடற்கரைக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகும் முன், "குளிர்ந்த தண்ணி பட்டா யாருக்காவது தடிப்பு வருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பூஞ்சைத் தொற்று: படர்தாமரை, சேற்றுப்புண் ஆகியவை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி தத்தளித்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். சாக்கடை கலந்த வெள்ளத்தில் நாள்கணக்கில் நடக்கும் கால்களின் விரல் இடுக்குகள் ஊறிப் புண்ணாகும். வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த முதல் வாரம், பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பது நம் வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி. நடுவயதுக்கு மேல் புதிதாக, குளித்தவுடன் உடல் அரிக்கத் தொடங்கினால் சோப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டே நாள் கடத்தக் கூடாது. இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் 'பாலிசைத்தீமியா வேரா' என்ற நோயின் அறிகுறியாக இது இருக்கலாம். அந்த நோயுள்ளவர்களில் கணிசமானோருக்கு இந்த அரிப்பு உண்டு. நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அரிப்பு தொடங்கிவிடுவதும் உண்டு. முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை ஒன்று முதல் தடயத்தைத் தரும். நம் ஆசிரியர் அறையிலும் இதைப் பேசலாம்.

நம் ஊர்த் தண்ணீரும் ஒரு பாடமும்

கை தூக்கியவர்களில் பலருடைய சிக்கல் வறண்ட தோல்தான். இதில் நம் ஊர்த் தண்ணீருக்கும் பங்கு உண்டு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் ஒரே வீட்டுக்கு மூன்று வகைத் தண்ணீர் வருகிறது. மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர். மெட்ரோ தண்ணீரும் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளோடு 2004 முதல் வீராணம் தண்ணீரும், 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீரும் சேர்ந்திருக்கின்றன. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உட்புகும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஊரே போரையும் லாரியையும் நம்பி நின்றது நினைவிருக்கும். மழைநீர் சேகரிப்பை 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அரசு கட்டாயமாக்கியதன் பொருள் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தோலிலேயே புரியும்.

கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அவை சோப்புடன் சேர்ந்து கரையாத படிவை உண்டாக்குகின்றன. வாளியின் உட்புறம் ஒட்டும் அந்த வெள்ளைப் படிவுதான் தோலிலும் ஒட்டுகிறது. தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஏறத்தாழ 5. சோப்பின் பி.எச். 9 முதல் 10. தோலின் வெளி அடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொண்டால், செல்கள் செங்கற்கள், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. சோப்பும் படிவும் சேர்ந்து சாந்தை அரித்தால் சுவரில் விரிசல் விழும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறித் தோல் வறண்டு அரிக்கும்.

நீரின் கடினத்தன்மை பாடத்தை நடத்தும்போது இதையே செயல்பாடாக்கினேன். இரண்டு பாடவேளை போதும்.

தேவையானவை: ஒரே அளவுள்ள, மூடியுள்ள நான்கு கண்ணாடிப் புட்டிகள், சொட்டுக்குழாய், குளியல் சோப்பு, பி.எச். தாள், மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் நீர் மாதிரிகள். ஒப்பிட்டுப் பார்க்க வாலை வடிநீர் அல்லது சேகரித்த மழைநீர்.

செய்முறை: துருவிய சோப்பு 5 கிராமை 100 மி.லி. வெதுவெதுப்பான வடிநீரில் கரைத்து வைக்கவும். ஒவ்வொரு புட்டியிலும் 50 மி.லி. மாதிரி நீரை ஊற்றி, சோப்புக் கரைசலை ஐந்து ஐந்து சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் மூடிப் பத்து விநாடி குலுக்கவும். நுரை இரண்டு நிமிடம் கலையாமல் நிற்க எத்தனை சொட்டு தேவைப்பட்டது என்று எழுதவும். சொட்டு கூடக் கூட நீரின் கடினத்தன்மை கூடுதல். பிறகு அதே நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு மறுபடி சோதித்தால் தற்காலிகக் கடினத்தன்மைக்கும் நிரந்தரக் கடினத்தன்மைக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்குத் தாமாகவே விளங்கும். கொதிக்க வைப்பதை ஆசிரியரே செய்யவும்.

ஒரு குறிப்பு: ஷாம்பும் துணி சோப்புத்தூளும் கடின நீரிலும் நுரைக்கும். அவற்றைப் பயன்படுத்தினால் சோதனை பொய்த்துவிடும். முதல் முறை நான் இப்படித்தான் ஏமாந்தேன். அதையே ஒரு கேள்வியாக்கி, "ஏன் பொய்த்தது?" என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

இரண்டாம் பாடவேளையில் சோப்புக் கரைசல், மோர், எலுமிச்சைச் சாறு, நீர் மாதிரிகள் ஆகியவற்றின் பி.எச். மதிப்பைத் தாளில் பார்த்து அட்டவணை இடலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 மி.கி. வரை அனுமதிக்கிறது. பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, தங்கள் வீட்டுத் தண்ணீர் ஆய்வறிக்கை கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கலாம்.

எங்கள் வகுப்பில் இந்தச் செயல்பாட்டின்போது ஒரு மாணவன் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. தண்ணீர்ப் பஞ்ச நாளில் சீருடையை ஒரே வாளித் தண்ணீரில் அலசிக் காயப் போடுவார்களாம். மழையில் நனைந்தால் சட்டைக்குள் நுரை வருமாம், அரிக்குமாம். துணியில் தங்கிய சோப்புத்தூள்தான் அது. அவனுடைய அரிப்புக்கு மருந்து, இன்னும் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

தமிழாசிரியர்களும் இதில் சேரலாம். அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு, எரிச்சல், குறுகுறுப்பு, காந்தல் என்று தோலின் உணர்வுகளுக்கு நம்மிடம் எத்தனையோ சொற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டைப் பேசினால், மருத்துவரிடம் "என்னமோ பண்ணுது" என்று சொல்லும் குழந்தைக்குச் சரியான சொல் கிடைக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்பவை, எல்லா வகை அரிப்புக்கும் தீங்கில்லாதவை:

• வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளியலை முடிக்கவும். கொதிக்கும் வெந்நீர் அந்த நேரத்துக்கு இதமாக இருந்தாலும் பிறகு அரிப்பைக் கூட்டும்.
• சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களில் மட்டும் போட்டால் போதும். நாரும் கல்லும் வைத்துத் தேய்க்க வேண்டாம். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்ற வேண்டாம்.
• பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்கவும். ஈரம் முழுதாகக் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள், தேங்காய் எண்ணெயோ வாசனையற்ற ஈரப்பசைக் களிம்போ பூசவும்.
• நீர்த் தடிப்பும் நீர் அரிப்பும் உள்ளவர்களுக்குக் குளிக்கும் முன்பே எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசினால் சிலருக்குக் குறைகிறது. நம் எண்ணெய்க் குளியல் இங்கே கைகொடுக்கிறது.
• நகத்தை ஒட்ட வெட்டவும். அரிக்கும்போது சொறிவதற்குப் பதில் குளிர்ந்த துணியால் அழுத்தலாம். குளிர்த் தடிப்பு உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள், பயன் தராதபோது புற ஊதாக் கதிர் சிகிச்சை ஆகியவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் அரிப்பு நிற்கும். பிறகு தோல் மெலியும், படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் பரவும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியைக் கடுமையாக்கியது. பெற்றோரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளியில் என்ன செய்யலாம்?

அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழுவின் பரிசோதனைப் பட்டியலில் சொறி, பூஞ்சைத் தொற்று, எக்சிமா ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. 2013இல் தொடங்கிய திட்டம் இது. குழு வரும் நாளுக்கு முன்பே வகுப்பாசிரியர் ஒரு சிறு பட்டியல் தயாராக வைத்திருந்தால், கூச்சத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளை விடுபட மாட்டாள். அங்கிருந்து பரிந்துரை பெற்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ போகலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண் உண்டு.

உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடல் முழுவதும் தடிப்பு எழும்பித் தலைசுற்றல், வாந்தி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்து, துடைத்து, படுக்கவைத்து உடனே 108க்கு அழைக்க வேண்டும். மூச்சு விடச் சிரமப்படும் பிள்ளையை மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம்.

எங்கள் மாணவிக்காகத் தலைமையாசிரியரிடம் பேசிச் சில எளிய ஏற்பாடுகள் செய்தோம். காலையில் அரிப்பு அடங்கும் வரை வீட்டிலிருந்துவிட்டு அரை மணி தாமதமாக வந்தாலும் வருகைப்பதிவில் குறைவில்லை. இரவில் குளித்தால் அதுவும் தேவையில்லை என்று அவளே பிறகு கண்டுபிடித்தாள். மழைக்காலத்தில் ஒரு மாற்றுச் சீருடை ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கும். அரிப்பு எடுத்தால் அனுமதி கேட்காமல் எழுந்து போகலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

அவளுடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, பெயர் குறிப்பிடாமல், 'தண்ணீர் பட்டால் அரிக்குமா?' என்ற தலைப்பில் வகுப்பில் பேசினேன். பேச்சின் நடுவில் அவளே எழுந்து, "எனக்கு இருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நான் அன்று சிரித்ததற்கு எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும்தானே சிரித்தேன். அந்தப் பட்டப்பெயர் அதன்பின் என் காதில் விழவில்லை.

அவளுக்கு நோய் முழுதாகக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். குணமாகவில்லை. மாத்திரையாலும் எண்ணெயாலும் அரிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. குறிப்பேட்டில் நிமிடக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். குறிப்பேடு மூன்றாவது நோட்டுக்கு வந்துவிட்டது. சென்ற ஐப்பசி மழையில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தவள், "இன்னிக்கு எட்டு நிமிஷம்தான் மிஸ்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் ஓடினாள்.

வகுப்பு வாசலில் நகமும் முடியும் பார்க்கும் வழக்கம் எங்கள் பள்ளியில் இன்றும் இருக்கிறது. சுத்தம் தேவைதான். ஆனால் ஒரு குடத் தண்ணீருக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கும் வீடுகளிலிருந்து நம் பிள்ளைகள் வருகிறார்கள். தண்ணீர் பட்டாலே துடிக்கும் பிள்ளையும் அந்த வரிசையில் இருக்கலாம். அதனால் "குளிச்சியா?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். "உடம்புக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறேன். நீங்களும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பிள்ளை என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியாது. சொன்னால், முதலில் நம்புவோம். பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டுக் கொடுப்போம்.